கிருபைக்கு நாங்கள் கட்டிக்கொடுத்த வீடு

என் கூடப்பிறந்த செல்லத்துரைக்கு,

ஆண்டவர் மடியில் இருக்கிறவனிடம் சுகமா என்று கேட்பது கிறுக்குத்தனம், அதனால் கேட்கவில்லை. இங்கே உன் அத்தானுக்கு மழைக்கால இருமல் விட்டுவிட்டது. எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் தலை நிமிர்ந்து தெருவில் நடக்க முடியாமல் இருக்கிறேன். அதைச் சொல்ல இந்தப் பம்பாயில் எனக்கு உன்னை விட்டால் வேறு ஆளில்லை.

நீ இருந்தவரைக்கும் உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. செம்பூரிலிருந்து தாராவிக்கு யாராவது தபால் போடுவார்களா? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று கத்துவோம்.

“ஏல, இந்த வாரமாவது வீட்டுக்கு வருவியா, மாட்டியா?”

“நீ மீன் கொழம்பு வச்சா வருவேன்க்கா. ஒன் சாம்பாருக்கு யாரு டிக்கெட் எடுத்து வருவா?”

அவ்வளவுதான் நம் பேச்சு. நீ போனபின் எத்தனையோ ஞாயிறு அதே வாசலில் நின்றுவிட்டு, கத்த ஆளில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். உன் பெண்டாட்டிக்கும் உன் இரண்டு பெண்களுக்கும் நம் சபையார் வீடு கட்டினார்கள். தாராவியில்தான், உப்புத்தண்ணீர்ச் சதுப்பை ஒட்டி. ஒரே அறைதான். ஆனால் தகரக் கூரை, பலகைச் சுவர், பூட்டுப் போடுகிற மாதிரி நல்ல கதவு. நீ பார்த்திருந்தால் ஒவ்வொரு பலகையையும் தட்டிப் பார்த்துவிட்டு, “பரவால்ல, நம்மாளுகளுக்கும் கை இருக்கு” என்று சொல்லியிருப்பாய்.

கெட்ட சேதி என்னவென்றால், கட்டி முடித்தும் வாரக்கணக்காக உன் கிருபை அந்த வீட்டுக்குள் கால் வைக்காமலே இருந்தாள். அதற்குக் காரணம் வேறு யாருமில்லை, உன் அக்காதான்.

டிராம்பேயில் கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன், மஞ்சள் காமாலை வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாயே, அப்போது நீ என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். “கிருபையத் தெருவுல விட்றாதக்கா.” “போல, விடுவேனா?” என்று உன்னை அதட்டினேன். தெருவில் விடவில்லை, செல்லத்துரை. அந்த மட்டும் வாக்கைக் காப்பாற்றினேன்.

நீ போன மறுமாதமே, நீங்கள் வாடகைக்கு இருந்த ஒற்றை அறைக் கோலியின் சொந்தக்காரன் வந்து “காலி கரோ” என்று நின்றான். நான் போய் மூன்று பேரையும் ஒரு டிரங்குப் பெட்டியோடு செம்பூருக்குக் கூட்டிவந்தேன். “எப்சிபா மாதிரி ஒரு நாத்தனார் யாருக்கு வாய்க்கும்?” என்று சபையில் பேசிக்கொண்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

எங்கள் வீடு உனக்குத் தெரியும். கையை நீட்டினால் சுவர். முதல் வாரம் நானும் கிருபையும் கட்டிக்கொண்டு அழுதோம். அழுது முடித்ததும் அடுப்படி சின்னதாகிவிட்டது. அவள் புளியை அள்ளிக் கரைக்கிறாள், ரேஷன் அரிசியைப் பார்த்துப் பொங்கத் தெரியவில்லை, பெண்கள் எண்ணெய்த் தலையோடு என் தலையணையில் படுக்கிறார்கள் என்று தொட்டதற்கெல்லாம் எனக்கு எரிச்சல். ஒருநாள் உன் அத்தானிடம் சொல்கிற சாக்கில் அவள் காதில் விழச் சொன்னேன்: “மண்ணெண்ண என்ன கொழாயிலயா வருது?”

அதற்குப் பிறகு நான் சமைத்து எழுந்திருக்கும்வரை அவள் அடுப்பைத் தொடவில்லை. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற வேலை பிடித்துக்கொண்டாள். வேலை இல்லாத நேரத்தில் பெண்களைக் கூட்டிக்கொண்டு வெளியே குழாயடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். அதைப் பார்த்து எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டாமா? அப்பாடா என்றுதான் இருந்தது.

அந்த நாளில்தான் மாதர் சங்கக் கூட்டத்தில் எழுந்து ஜெபம் பண்ணினேன். “ஆண்டவரே, என் தம்பி பெண்டாட்டிக்கும் பிள்ளைகளுக்கும் தலை சாய்க்க ஒரு இடம் காட்டும்” என்று கண்ணீர்விட்டு அழுதேன். கூட இருந்த பெண்களும் அழுதார்கள். அந்தக் கண்ணீரில் பாதி உனக்காக, பொய்யில்லை. மறுபாதி என் அடுப்படிக்காக. இதை இதுவரை உன் அத்தானிடம்கூடச் சொன்னதில்லை.

ஜெபம் கேட்கப்பட்டது. அடுத்த ஞாயிறே குருவானவர் ஐயா பிரசங்கத்தில், விதவைக்கும் திக்கற்ற பிள்ளைகளுக்கும் செய்கிற ஊழியம்தான் ஊழியம், பாட்டுப் பாடுவது மட்டுமல்ல என்றார். காதர் பாயை உனக்கு நினைவிருக்கும், நம் ஜில்லாக்காரர், தகரப் பட்டறை வைத்திருக்கிறவர். அவர் பட்டறையை ஒட்டிக் கிடந்த பள்ளமான இடத்தை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். “செல்லத்துரை வீட்டுக்குன்னா கேக்கணுமா? கட்டுங்க” என்றார்.

அந்த ஞாயிறுகளை நீ பார்த்திருக்க வேண்டும். ஆராதனை முடிந்து கையில் சோற்றுப் பொட்டலத்தோடு எல்லாரும் அப்படியே அங்கே போவார்கள். மாதுங்காவில் எங்கோ இடித்த கட்டடத்தின் கல்லும் காரையும் லாரியில் வந்தன. அதைக் கொட்டித்தான் சதுப்பை மேடாக்கினார்கள். பெண்கள் வரிசையாக நின்று இரும்புச் சட்டியைக் கைமாற்றினோம். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருக்கிற பொன்னையா அண்ணன், இஸ்திரி மடிப்பு கலையாத மனுஷர், பனியனோடு நின்று மண்வெட்டி பிடித்தார். ஐயாவே முழங்கால்வரை சேற்றில் நின்றார். ஒருவர் பாட்டு எடுத்துவிடுவார், மற்றவர்கள் மூச்சு வாங்க வாங்கப் பாடுவார்கள். அவர்களில் யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர்கள் சிந்திய வேர்வை உண்மையான வேர்வை.

கிருபையும் சட்டி சுமக்க வந்தாள். பொன்னையா அண்ணனின் மனைவி ராஜம் அம்மாள்தான் மாதர் சங்கத் தலைவி. அவர் விடவில்லை. “நீ சும்மா உக்காருட்டி, ஒனக்காகத்தான செய்யுதோம்” என்று ஒரு கல்லைக் காட்டி உட்காரவைத்துவிட்டார். தனக்குக் கட்டுகிற வீட்டை அவள் விருந்தாளி மாதிரி உட்கார்ந்து பார்த்தாள். ஒரே ஒரு தடவை என் பக்கம் வந்து மெதுவாகக் கேட்டாள்.

“மைனி, அடுப்பு மேடையச் சன்னலுக்குப் பக்கமா வைக்கச் சொல்லுதீகளா? பொக வெளிய போவும்.”

“தானம் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சா பாப்பாக?” என்றேன் நான்.

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், வேறு என்ன செய்வாள்? அடுப்பு மேடை கதவு மூலையிலேயே அமைந்தது.

இப்போது பிரதிஷ்டை நாளுக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இத்தனை சுற்று.

அன்று காலையிலேயே பொன்னையா அண்ணன் அவளுடைய டிரங்குப் பெட்டியை எங்கள் வீட்டிலிருந்து எடுத்துப்போய்ப் புது வீட்டில் வைத்துவிட்டார். அவள் துணி, பிள்ளைகள் துணி, உன் சட்டை இரண்டு, எல்லாம் அதில்தான். கிருபை தானே பால் பூத்துக்குப் போய்ப் பால் வாங்கினாள். தன் கூலியிலிருந்து புதுப் பால்சட்டி ஒன்று வாங்கியிருந்தாள். வெளுத்த வெள்ளைச் சேலை கட்டி, சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். நீ போனபின் அன்றுதான் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் பார்த்தேன். சின்னவளிடம், “இனி இங்கதான் நாம” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஐயா கதவுக்கு முன்னால் நின்று ஜெபித்தார். நாடாவைக் கத்தரித்தார். கிருபை நடையில் கால் வைக்கப் போனாள். அப்போது ராஜம் அம்மாள் அவள் தோளைப் பிடித்தார். கோபமாக இல்லை, ரொம்பப் பரிவாகத்தான்.

“கிருபை, நீ கொஞ்சம் தள்ளி நில்லு தாயி. மொத மொதப் பால் காய்ச்சுதது. வாழுத பொம்பள கையால காய்ச்சட்டும். ஒன் பிள்ளைகளுக்கு நல்லதுக்குத்தான் சொல்லுதேன்.” பிறகு என்னைப் பார்த்து, “எப்சிபா, நீதான நாத்தனா. நீ வலது கால வச்சு உள்ள போ” என்றார்.

சகுனம் பார்க்கிறவர்களை அஞ்ஞானிகள் என்று சொல்கிற சபை நாம். பூனை குறுக்கே போனால் சிரிக்கிறோம். நல்ல நேரம் கெட்ட நேரம் எல்லாம் அறியாத ஜனங்களுக்கு என்று பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறோம். தாலி அறுத்தவள் முதல் அடியை வைத்தால் வீடு விளங்காது என்பது மட்டும் எந்தச் சந்தில் நுழைந்து நம்மோடு கோயிலுக்குள் வந்தது? விதவைக்கென்று வீட்டைக் கட்டிவிட்டு, விதவை என்பதற்காகவே அவளை வெளியே நிறுத்துகிற புத்தி வேறு யாருக்கு வரும்? இதெல்லாம் இப்போது கேட்கிறேன். அன்று கேட்கவில்லை.

அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. வந்திருந்தவர்கள் எல்லாரும் பார்க்க, என்னைத்தானே கூப்பிட்டார்கள். அவள் கையிலிருந்த சட்டியைப் பிடித்தேன். அவள் உடனே விடவில்லை. விரலில் ஒரு இழுப்பு இருந்தது, எனக்கு நன்றாகத் தெரிந்தது. நான் இழுத்தேன்.

ஐயா கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார். ஜெபத்தில் கண்ணை மூடுவது சில நேரம் எவ்வளவு வசதி! பால் பொங்கி வழிந்தது. எல்லாரும் “ஸ்தோத்திரம்” என்றார்கள். சுவரில் சாய்ந்து நின்ற ஒரு அண்ணன் உன் பெயரைச் சொல்லி அழுதார். உள்ளே அத்தனை பேர் நெருக்கியடித்து நின்றதில் அவளுக்கு இடமில்லாமல் போனது யாருக்கும் தெரியவில்லை. அவள் வெளியே, நாங்கள் கழற்றிப் போட்ட செருப்புகளுக்குப் பக்கத்தில், இரண்டு பெண்களையும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

காதர் பாய் ஒரு புதுப் பூட்டை அன்பளிப்பாகக் கொண்டுவந்தார். அறைக்குள் எட்டிப் பார்த்து, “வீட்டுக்காரி எங்க? அவ கையிலதான் குடுக்கணும்” என்றார். ராஜம் அம்மாள்தான், “குடுங்க பாய், குடுத்திருதோம்” என்று வாங்கிக்கொண்டார்.

நான் ஒரு டம்ளரில் பாலை ஊற்றி வெளியே எடுத்துப் போனேன். “இந்தா, குடி.”

கிருபை டம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “நீங்க காய்ச்சின பால், மைனி. நீங்களே குடிங்க” என்றாள். கத்தவில்லை, அழவில்லை. பெண்களின் கையைப் பிடித்துக்கொண்டு பட்டறைச் சந்து வழியே நடந்துபோய்விட்டாள். பிரதிஷ்டை வீட்டில் பால் வேண்டாமென்று சொல்லிவிட்டாளே என்று எனக்குக் கோபம் வந்தது. பார், கோபம்!

எல்லாரும் கிளம்பும்போது பொன்னையா அண்ணன் கதவைப் பூட்டிவிட்டுச் சாவியோடு நின்றார். “யாருகிட்டக் குடுக்க? அந்தப் பிள்ளையக் காணோமே.” ராஜம் அம்மாள், “எப்சிபாகிட்டக் குடுங்க, மூத்தவ அவதான” என்றார். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். சாயங்காலம் எப்படியும் செம்பூருக்கு வருவாள், வந்தால் கொடுக்கலாம் என்றுதான் நினைத்தேன். நம்பு.

அவள் வரவில்லை. தன்னோடு பாத்திரம் தேய்க்கும் முனியம்மாவின் கோலியில், தாராவியிலேயே தங்கிக்கொண்டாள். நான் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். செம்பூரிலிருந்து குர்லா, குர்லாவில் வண்டி மாறினால் சயான், அங்கிருந்து நடந்தால் தாராவி, எத்தனை தூரம்? ‘கேட்கட்டும்’ என்று இருந்தேன். வாசலில் வந்து நிற்கட்டும், மைனி சாவி குடுங்க என்று வாயைத் திறந்து கேட்கட்டும், கொடுக்கிறேன். சாவியை அலமாரியில் சேலைக்கு அடியில் வைத்தேன். வாரம் வாரமாக அது அங்கேயே கிடந்தது.

சபையில் முணுமுணுப்பு ஆரம்பித்தது. நம் ஆட்கள் முதுகு ஒடியக் கட்டின வீடு சும்மா கிடக்கிறது, மகாராணிக்கு மனசு வரவில்லையாம். நன்றி கெட்டவள். ஊரிலிருந்து வந்த வேறொரு குடும்பம் நடைபாதையில் கிடக்கிறது, அவர்களுக்காவது கொடுக்கலாம். ஐயாவும் என்னைக் கூப்பிட்டு, “அறுப்பின் பண்டிகைக்குள்ள கிருபை குடிவரலன்னா, அந்தக் குடும்பத்துக்குக் குடுக்கத்தாம்மா வேணும். நீங்க ஒரு வார்த்த சொல்லிப் பாருங்க” என்றார். “நான் என்ன சொன்னாலும் கேக்க மாட்டா ஐயா” என்றேன். என் வாய் அதைச் சொன்னது. அந்த நேரம் சாவி என் அலமாரியில் இருந்தது.

பிறகு ஒரு ஞாயிறு கிருபை பச்சைச் சேலை கட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்தாள். வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள். “பாத்தியா, தாலி அறுத்து வருஷம் திரும்பல, பச்சச் சேல கேக்குது” என்றாள் ஒருத்தி. “வீடு வேண்டாம், சேல வேணுமாம்” என்றாள் இன்னொருத்தி. நானும் தலையை ஆட்டினேன். ஆட்டிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது. அவளுடைய வெள்ளைச் சேலைகள் எல்லாம் டிரங்குப் பெட்டியில். பெட்டி பூட்டிய வீட்டில். சாவி என்னிடம். முனியம்மா இரவல் கொடுத்ததைத்தான் அவள் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். இத்தனை வாரமாக மாற்றுத் துணிக்குப் பிள்ளைகள் என்ன செய்தார்கள்?

உச்சந்தலையில் கல் விழுந்த மாதிரி இருந்தது. அப்போதாவது வாயைத் திறந்து, “ஏட்டிகளா, சும்மா இருங்க, சாவி எங்கிட்ட இருக்கு” என்று சொன்னேனா? இல்லை. வெயிலாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்து நான் செய்த காரியம் இன்னும் கேவலம். மாதர் சங்கக் கூட்டத்தில் சாட்சி சொல்கிற நேரம் வரும் இல்லையா, வழக்கமாக எல்லாரும் எழுந்து தங்களுக்குக் கிடைத்த நன்மையைச் சொல்வார்களே, நான் எழுந்து என் பாவத்தைச் சொன்னேன். “கிருபையை வெளியே நிறுத்திவிட்டு அவள் வீட்டில் நான் பால் காய்ச்சினேன், அது தப்பு, ஆண்டவர் என்னை உணர்த்தினார்” என்று விம்மினேன். பாலைப் பற்றிச் சொன்னேன். சாவியைப் பற்றி மூச்சு விடவில்லை. பெரியதை மறைக்கச் சின்னதை எடுத்து வெளியே போட்டேன்.

ராஜம் அம்மாள் முகம் சிவந்து போனது. அவசரமாக ஒரு பாட்டை எடுத்துவிட்டார். ஆனால் கூட்டம் முடிந்ததும் நாலைந்து பேர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். “என்ன ஒரு சாட்சிக்கா, நெஞ்சத் தொட்டுட்டு.” எனக்கு நிம்மதியாகிவிட்டது. அதே நிம்மதியோடு, இப்போது கிருபையும் என்னைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்து, சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு தாராவிக்குப் போனேன்.

முனியம்மாவின் கோலிக்கு வெளியே அவள் பிள்ளைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், மரியாதை குறையவில்லை. நான் உட்காருவதற்குள் அவளே கேட்டாள்.

“கூட்டத்துல எம்பேரச் சொல்லி அழுதீகளாம?”

“ஆமாட்டி. மனசு தாங்கல. எல்லாருக்கும் முன்னால தப்ப ஒத்துக்கிட்டேன்.”

“அன்னைக்கு அங்க இருந்தவுகளுக்கு மட்டுந்தான் தெரிஞ்சிருந்துச்சு, மைனி. இப்ப எல்லாருக்கும் தெரியும். என்ன வெளிய நிறுத்துனதும் ஒங்களுக்குப் பேரு, அதச் சொல்லி அழுததும் ஒங்களுக்குப் பேரு. எனக்கு என்ன கெடச்சுது?”

நான் பைக்குள் கையை விட்டுச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

“சாவி ஒங்ககிட்டத்தான இருக்கு?” என்றாள் அடுத்து.

“ஒனக்கு யாரு சொன்னா?”

“பொன்னையா அண்ணன் மறுநாளே வழில பாத்துச் சொன்னாக, ‘சாவி ஒங்க மைனிகிட்ட இருக்கு, போய் வாங்கிக்கோ’ன்னு.”

“பொறவு ஏன்டி வந்து கேக்கல? நான் குடுக்க மாட்டேன்னா சொல்லுவேன்?”

“கேட்டா குடுத்திருப்பீக, மைனி. கேக்கணும்னுதான வச்சிருந்தீக.”

சொல்லிவிட்டு அவள் மறுபடி குனிந்து பிள்ளையின் சடையைப் பின்ன ஆரம்பித்தாள். இத்தனை நாளும் சபை அவளை நன்றி கெட்டவள் என்றபோது, ‘சாவியே என் கையில் இல்லை’ என்று ஒரு வார்த்தை அவள் சொல்லியிருந்தால் போதும், என் மானம் கோயில் வாசலில் கிடந்து நாறியிருக்கும். அவள் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? உன் அக்கா என்பதற்காகவா? என்னிடம் வாய் கொடுத்துப் பிரயோசனமில்லை என்றா? கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

சாவியை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை. சடையைப் பின்னி முடித்து ரிப்பன் கட்டிவிட்டு, சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் வாங்கினாள்.

“ஐயாகிட்டச் சொல்லு, நான் குடி போறேன்னு” என்று முனியம்மாவின் மகனை அனுப்பிவிட்டு, இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு நடந்தாள். என்னை வா என்று சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. நான் பின்னாலேயே போனேன். அவர்களுக்கு முன்னால் நடந்தே பழகினவள், அன்றைக்குப் பின்னால் நடந்தேன்.

வீட்டு முன்னால் மழையில் முளைத்த புல் முழங்கால் உயரம் நின்றது. பூட்டு துருப்பிடித்திருந்தது, திறக்கக் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. நான் உதவிக்குக் கையை நீட்டினேன். “இருக்கட்டும்” என்றாள். திறந்தாள். எந்தக் காலை முதலில் வைத்தாள் என்று நான் பார்க்கவில்லை, வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். பெரியவள் உள்ளே ஓடி, “அம்மா, அப்பா சட்ட இங்க இருக்கு!” என்று கத்தினாள். பெட்டியைத் திறந்திருக்க வேண்டும்.

நான் நடை வரைக்கும் போனேன். கிருபை உள்ளேயிருந்து வந்து கதவில் கை வைத்து நின்றாள்.

“மைனி, வண்டிக்கு நேரமாச்சு பாருங்க” என்றாள். குரலில் ஒரு பொல்லாப்பும் இல்லை. கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது.

ராஜம் அம்மாள் பார்த்திருந்தால், கொடுத்தவர்கள் முகத்திலேயே கதவைச் சாத்துகிறாள் என்று சபையைக் கூட்டியிருப்பார். எனக்கு ஒன்று தோன்றியது, செல்லத்துரை. நீ அவளைக் கல்யாணம் செய்து கூட்டிவந்ததிலிருந்து, வாடகைக் கோலியிலும் என் வீட்டிலும் முனியம்மா வீட்டிலும், யாரையும் வெளியே நிறுத்திவிட்டுத் தாழ்ப்பாள் போட அவளுக்கென்று சொந்தமாக ஒரு கதவு இருந்ததே இல்லை. இப்போது இருக்கிறது. அதைத்தானே நாங்கள் கட்டிக்கொடுப்பதாகச் சொன்னோம்?

காதர் பாய் பட்டறையிலிருந்து எட்டிப் பார்த்து, “என்னக்கா, உள்ள போகலியா?” என்றார்.

“வீட்டுக்காரி கூப்பிடல, பாய்” என்றேன். அழுகை வந்துவிட்டது. அவர் சங்கடப்பட்டு உள்ளே போய்விட்டார்.

சபையில் அவள் மேல் விழுந்த பெயரைத் துடைக்க வேண்டும். நேற்றே ஐயாவிடம் போய், சாவி இத்தனை நாளும் என்னிடம்தான் இருந்தது, அவள் மேல் குற்றமில்லை என்று சொல்லிவிட்டேன். அவர், “நானும் கேக்கலையேம்மா, சாவி யார்கிட்டன்னு” என்றார். நடைபாதையில் கிடக்கிற அந்தக் குடும்பத்துக்கும் வீடு கட்ட மண் அடித்து மேடாக்கப் போகிறார்கள், காதர் பாய் பட்டறைக்கு அந்தப் பக்கம். அந்த வீட்டுக்காரியிடம் அடுப்பு எங்கே வேண்டும் என்று முதலில் கேளுங்கள் என்று ஐயாவிடம் சொன்னேன்.

இந்தக் கடிதத்தை வேறு யாராவது படிக்க நேர்ந்தால் என்று, இதில் உன் பெண்டாட்டியின் பெயரை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அவளைச் சொல்லி இன்னொரு தடவை எனக்குப் பேர் வாங்கிக்கொள்ள மாட்டேன். என் பெயரை மாற்றவில்லை.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். முன்னால் கொடுத்ததை எப்படிக் காப்பாற்றினேன் என்று உனக்குத் தெரியும், அதனால் இதை நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம். ஞாயிறு தவறாமல் உன் பிள்ளைகளைக் கோயிலில் பார்ப்பேன். கிருபைக்கு உடம்புக்கு முடியாவிட்டால் முனியம்மாவிடம் கஞ்சி கொடுத்து அனுப்புவேன். ஆனால் அந்தக் கதவை நான் தட்ட மாட்டேன். என்றைக்காவது அவளே திறந்து, “உள்ள வாங்க மைனி” என்று சொன்னால் போவேன். சொல்லாமலே நான் செத்தாலும், அது அவள் வீடு.

அந்த நடைக்கு இந்தப் பக்கம் நிற்கிற
உன் அக்கா
எப்சிபா